கடல் பக்கத்து ஜன்னல்

என் வீட்டுக்காரர் மிக்கேல் என்னுடைய ஆபீஸ் பஸ்ஸில் என்னோடு ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. கல்யாணமாகி இருபது வருஷத்தைக் கப்பலிலேயே கழித்துவிட்டு, இனிமேல் போகப் போவதில்லை என்று ஊரோடு வந்து சேர்ந்திருந்தார். தம்பியின் படகுக்கு ஏதோ சாமான் வாங்கத் தூத்துக்குடி போக வேண்டியிருந்தது. "உன் பஸ்லயே வாரேன்ளா. தெனம் நீ என்ன பவுசுல போறன்னு பாக்கணும்" என்றார்.

மணப்பாட்டிலிருந்து வருகிற வண்டி அது. எங்கள் ஆலந்தலைக்கு வரும்போதே பாதி நிறைந்திருக்கும். நான் இடது பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் இடம் இருக்கிறதே என்றால், "தளம் ஆடினாத்தான் எனக்குக் கால் நிக்கும்" என்று சிரித்தார்.

திருச்செந்தூரில் ரெஜினா ஏறினாள். தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். வழக்கம்போல நேரே வலது பக்கம் நாலாவது வரிசைக்குப் போனாள். ஜன்னலோரம் இருந்த ஆள், சாகுபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து இடம் விட்டார்.

அடுத்து வீரபாண்டியன்பட்டணத்தில் ஒரு புதுப் பெண் ஏறினாள். பேர் ஷைனி என்று பிறகு தெரிந்தது. கையில் மருதாணி இன்னும் போகவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஏற்றிவிட வந்த மாமியார் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம், "நேத்துத்தான் மவன் பம்பாய் போனான். கப்பல் ஏறப் போறான். இவளைப் பாத்து எறக்கி விடுப்பா" என்று சொன்னது வண்டி முழுக்கக் கேட்டது.

எல்லோருடைய கண்ணும் வலது பக்கத்து இரண்டு ஜன்னல்களுக்குப் போனது. மூன்றாவது வரிசையில் பெரியதாழைப் பெண் ஒருத்தி. அவள் புருஷன் போன மாதம்தான் கப்பலேறினான், அதில் பேச்சில்லை. நாலாவது வரிசையில் ரெஜினா. அவள் அந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தாள்.

ஆறுமுகநேரியில் கிரேஸ் டீச்சர் ஏறினார். நாசரேத்துக்காரர். ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நின்றுகொண்டிருந்த ஷைனியைப் பார்த்தார், விசாரித்தார், விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"நீங்க அமலி வீட்டுக்காரர்தானே? கப்பல்ல இருந்தவுக. உங்களுக்குத் தெரியாம இருக்காது. இந்த ரெஜினா வீட்டுக்காரர் ரெண்டு வருஷமாக் கப்பல்லயே இருக்காராம். அப்படி எறங்காமலே இருக்க முடியுமா?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரும் நிமிர்ந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ரெஜினாவைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய பின்னந்தலையும் அதில் செருகியிருந்த பிச்சிப்பூவும்தான்.

"முடியும் டீச்சர். ஆளை எனக்குத் தெரியும். கடல்லதான் இருக்கான்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வண்டியின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஜன்னல் சீட்டுக்கு இத்தனை பஞ்சாயத்தா என்று உங்களுக்குத் தோன்றும்.

வலது கைப் பக்கம்

பஸ்ஸில் பெண்களுக்கு இடது பக்கம். டிரைவர் பக்கம் மூன்று பேர் உட்காருகிற நீள சீட்டுகள் ஆண்களுக்கு. இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் பாதையில் காலையில் வடக்கே போகிறோம். கடல் கிழக்கே, அதாவது வலது கைப் பக்கம். ஆகக் காலை வண்டியில் கடல் ஆண்களுக்குப் போய்விட்டது. எங்களுக்கு விதித்தது வாழைத் தோட்டமும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலும் புரோட்டாக் கடைகளும்.

கடல் என்று சொல்கிறேனே தவிர, நம்பி வந்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். ரோடு உள்ளே தள்ளிப் போகிறது. ஆலந்தலையைத் தாண்டும்போது கொஞ்சம் கண்ணில் படும். பிறகு பழையகாயல் தாண்டி, உப்பளங்கள் வந்து, முள்ளக்காட்டுப் பக்கம் ஓரிடத்தில் உப்புக் குவியல்களுக்கு அப்பால் நீலமாக ஒரு கோடு. அதில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கிற கப்பல் ஒன்றோ இரண்டோ. அவ்வளவுதான், மறைந்துவிடும்.

அந்தக் கோட்டுக்காகத்தான் சட்டம். எவளுடைய ஆள் கடலில் இருக்கிறானோ, அவளுக்குக் காலை வண்டியில் வலது பக்கம் மூன்றாவது, நாலாவது ஜன்னல். எந்த ஆண் உட்கார்ந்திருந்தாலும் எழுந்துவிடுவான். ஆள் ஊர் திரும்பிய மறுநாள் அவளாகவே இடது பக்கம் மாறிவிட வேண்டும். ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தால், அவனைத் திரும்பவும் கடலுக்குக் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம்.

தோணிக் காலத்து வழக்கம் என்கிறார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் தூத்துக்குடித் தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்குக் கொண்டு போனார்கள். சொன்ன நாளில் திரும்பியதாகச் சரித்திரம் கிடையாது. பாய்மரம் ஏதும் தெரிகிறதா என்று பார்க்கத்தான் பெண்கள் அந்த ஜன்னலுக்குப் போனார்களாம். பிறகு தோணி குறைந்து கப்பல் வந்தது. கப்பல் பிரேசிலில் நிற்கும். அது முள்ளக்காட்டு ஜன்னலில் தெரியவா போகிறது? ஆனாலும் சட்டம் அப்படியே இருந்தது.

காயல்பட்டணத்து வியாபாரிகளும் ஆறுமுகநேரி உப்பள ஆட்களும் இதை மதித்தார்கள். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. புதுக் கண்டக்டர் யாராவது, "அது ஜென்ட்ஸ் சீட்டும்மா" என்றால் ஆண்களே அவருக்கு எடுத்துச் சொல்வார்கள்.

கிரேஸ் டீச்சருக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்காது. "டிக்கெட் எல்லாருக்கும் ஒண்ணுதானே, இது என்ன தனிச் சட்டம்" என்பார். அப்புறம், "வச்சதுதான் வச்சிய, ஒழுங்கா வச்சுக்கிடுங்க" என்று பரீட்சைப் பேப்பர் திருத்துகிற குரலில் முடிப்பார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கு வரவில்லை என்றால் அவருக்கு உறக்கம் வராது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சாயங்காலம் திரும்பும்போது கடல் இடது பக்கம் வந்துவிடும், பெண்கள் பக்கம். அப்போது சட்டம் ஏதும் கிடையாது. யார் முதலில் ஏறுகிறாளோ அவளுக்கு ஜன்னல்.

ஏரல் வாசகருக்கு ஒரு பதில்

போன வாரம் இதே பத்தியில் தனியார் பஸ்களின் பாட்டுச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தேன். ஏரலிலிருந்து ஒருவர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். அரசு பஸ்ஸுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேனாம்.

ஐயா, மழைக்காலத்தில் என்னோடு ஒரு நாள் வந்து பாருங்கள். ஜன்னல் ஷட்டரை இறக்கினால் ஏறாது, ஏற்றினால் இறங்காது. பாதிச் சேலை நனைந்தபடி ஆபீஸ் போய் உட்கார்ந்தவள் நான். வக்காலத்து வாங்குகிற அளவுக்கு எனக்கு எந்தச் சுகமும் கிடைக்கவில்லை.

தனியார் வண்டி வேகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்தால் இறங்கிய பிறகும் காதுக்குள் பாட்டு ஓடும். ஷேர் ஆட்டோவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தூத்துக்குடிப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து என் ஆபீஸ் வரைக்கும் அதில்தான் போகிறேன். என் மடியில் யார் யாரெல்லாமோ உட்கார்ந்திருக்கிறார்கள், பேர்கூடத் தெரியாது.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபோது நான் சந்தோஷப்பட்டவள்தான். ஆனால் எங்கள் நேர் வண்டிக்கு அது கிடையாது. அதனால் பெண்கள் திருச்செந்தூர் வரை ஒன்று, ஆத்தூர் வரை ஒன்று என்று தத்தித் தத்திப் போகப் பழகிவிட்டார்கள். நிறுத்தத்தில் சேலை கூட்டமாகத் தெரிந்தால் நிறுத்தாமல் போகிற டிரைவர்களும் இருக்கிறார்கள். சாகுபுரத்துக் கம்பெனி பஸ் பாதி காலியாக, ஏசி போட்டு, நம்மைத் தாண்டிப் போகும். அதன் கண்ணாடிக்குள் உறங்குகிற முகங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இத்தனை குறை சொல்கிற நான், அந்த மணப்பாட்டு வண்டியை மட்டும் இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். என்ன செய்ய? என் வயசுக் காலத்தின் காலைகள் எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன.

அவர் போன காலைகள்

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவர் போனார். மறுநாளே நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டில் இருந்தால் அவர் கழற்றிப் போட்ட சட்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வண்டியில் ஏறியதும் வலது பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். இறங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை. "இங்கன உக்காரும்மா" என்றார். எனக்குச் சட்டம் தெரியும், ஆனாலும் அது எனக்கும் வரும் என்று அதுவரைக்கும் தோன்றியதில்லை. உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். முக்காணிப் பாலம் வருகிற வரை அழுதேன். ஒருத்தர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை. அந்த ஜன்னலில் அழுதால் கேட்கக் கூடாது என்பதும் சட்டத்தில் சேர்ந்ததுதான்.

அதன் பிறகு எத்தனையோ காலைகள். ஜன்னல் கம்பியின் துரு வாசம், பக்கத்து மடியில் இருக்கும் டிபன் கேரியரின் சாம்பார் வாசம், பழையகாயல் தாண்டியதும் காற்றில் ஒட்டிக்கொள்கிற உப்பு. முள்ளக்காடு நெருங்கினால் நான் யாரோடும் பேச மாட்டேன். அந்த நீலக் கோட்டைப் பார்த்து மனசுக்குள்ளேயே அவரிடம் சொல்லுவேன். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. தம்பிக்குப் பெண் பார்த்திருக்கிறோம். எனக்கு உங்களைத் தேடுகிறது. ஏக்கத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

போன் கிடைத்தால் நான் முதலில் கேட்பது, "எங்கன இருக்கிய?" என்றுதான். அவர் ஒரே பதிலை வைத்திருந்தார். "கடல்லதான்." நாடு, துறைமுகம், ஒன்றும் சொல்ல மாட்டார். சொன்னாலும் எனக்கு அது எங்கே தெரியப் போகிறது. லைன் அறுந்துபோவதற்குள் நான், "சீக்கிரம் வாங்க" என்பேன்.

பிறகு கண் பரிசோதனையில் அவருக்குக் குறை வந்தது. கப்பல் வேலை முடிந்தது. ஊருக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை நான் தலை நிமிர்ந்து நடந்துபோய் இடது பக்கம் உட்கார்ந்தேன். வண்டியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஒரு மாதம் போயிருக்கும். வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டு போகும்போது எனக்கு அந்த ஜன்னலைத் தேடியது. சொன்னால் அடிக்க வருவீர்கள். ஆள் வீட்டில் இருக்கிறார். குழம்பில் புளி போதவில்லை என்கிறார், டிவியைப் போட்டுவிட்டு உறங்கிப்போகிறார். நான் இந்த மனுஷனுக்கா இருபது வருஷம் ஏங்கினேன்? ஏங்கியது கடலில் இருந்தவருக்கு. அவர் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை.

எந்தக் கடல்ல?

இப்போது வண்டிக்குத் திரும்புவோம். "கடல்லதான் இருக்கான்" என்று என் வீட்டுக்காரர் சொன்ன இடத்துக்கு.

எனக்குப் புரிந்துவிட்டது, அவர் பொய் சொல்கிறார். ரெஜினாவின் புருஷனை அவருக்குத் தெரியாது. எங்கள் எல்லோர் மனசிலும் ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம் இருந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போயிருப்பான், இவள் மரியாதைக்காகக் கப்பல் என்று சொல்கிறாள் என்று. முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. இப்போது டீச்சர் கேட்டுவிட்டார். வண்டியே சேர்ந்து அவளை எழுப்பப் போகிறது. அதைப் பொறுக்க முடியாமல்தான் அவர் வாயைக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ரெஜினா மெதுவாகத் திரும்பினாள். வெட்கப்படுவாள், அல்லது கண்ணாலேயே நன்றி சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் சீட்டை விட்டு எழுந்துவிட்டாள்.

"எந்தக் கடல்ல அண்ணாச்சி?"

அவர் கண்டக்டர் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"எப்பப் பாத்திய? நல்லா இருக்காவளா?" என்று கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

அவள் ஒன்றும் நடிக்கவில்லை. நாங்கள்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் நிஜமாகவே இரண்டு வருஷமாக அந்த ஜன்னலில் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய விட்டு எறங்கினதும் சொல்லுதேன்ளா" என்றார் என் வீட்டுக்காரர்.

ரெஜினா ஷைனியின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் உட்காரவைத்தாள். "நீ உக்காருளா. எனக்குத்தான் சேதி வந்துட்டே" என்றாள்.

அப்புறம் தூத்துக்குடி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். ஆத்தூரில் டீச்சர் இறங்கும்போது, "ஏதும் தப்பா நெனைக்காத ரெஜினா" என்றார். அவள் அதற்கும் சிரித்தாள். முள்ளக்காடு வந்தது, போயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். புயலுக்குள் எல்லாம் போய்வந்த மனுஷன், அன்றைக்குப் பயந்துபோய் நின்றார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்

டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "உன் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதுளா. பாத்ததும் கெடையாது."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் சொன்னிய?"

"உன்னை எழுப்பிருவாவளோன்னு நெனச்சேன்."

"எழுப்பினா நின்னுருப்பேன் அண்ணாச்சி. நிக்கது எனக்குப் புதுசா? கடையில நாள் பூரா நிக்கேன்."

அதற்கு மேல் அவள் கோபப்படவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

கேட்டுக் கேட்டுத்தான் அவள் கதை வந்தது. ரெஜினாவின் ஊர் சாயர்புரம் பக்கம். வாழையும் பனையும் தெரிந்த குடும்பம். கடலுக்குப் போனவர் என்று ஒருத்தர் கிடையாது. விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதில் வீட்டோடு பேச்சு இல்லை. புருஷன் சேவியர் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று பம்பாய் போனான். சில மாதம் போன் வந்தது. கடைசியாகப் பேசியபோது, "பெரிய கப்பல்ல ஏறுதேன். சிக்னல் கெடைக்காது. நானே வாரேன், அதுவரைக்கும் காத்திரு" என்று சொல்லியிருக்கிறான்.

கடற்கரையில் பிறந்த பெண் என்றால் ஒரு வருஷத்திலேயே விழித்திருப்பாள். எத்தனை பெரிய கப்பலானாலும் ஆளை இறக்கித்தான் ஆக வேண்டும், துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் இருக்கிறது, இதெல்லாம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். இவளுக்கு யார் சொல்வது? எங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைக்கிற பதிலுக்குப் பயந்திருக்கலாம். அதை நான் அவளிடம் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர், "பேரையும் ஏஜெண்டு பேரையும் சொல்லு, நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றார். சொன்னபடியே செய்தார். தினமும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள், கொச்சியில் இருப்பவர்கள், பம்பாயில் இருப்பவர்கள் என்று ஒருத்தர் விடாமல் விசாரித்தார். அந்த மாதத்தில் அவர் டிவி பார்க்கவில்லை. புளியைப் பற்றியும் பேசவில்லை.

சேதி கிடைத்தது. சேவியர் எந்தக் கப்பலிலும் இல்லை. முதல் கப்பலிலேயே ஒத்துவராமல் இறங்கிவிட்டான். பம்பாய்ப் பக்கம் தரையில் ஏதோ வேலை பார்க்கிறான். அங்கே ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருக்கிறார்கள்.

சொல்ல வேண்டாம் என்றேன் நான். "சொல்லி என்ன ஆகப்போவுது? காத்துக்கிட்டாவது இருப்பா. அதையும் பிடுங்கணுமா?"

"வாரவனுக்குத்தாம்ளா காத்துக் கெடக்கணும்" என்றார் அவர். "நான் காக்க வச்சவன். ஒவ்வொரு தடவையும் வந்துருவேன்னு தெரிஞ்சுதான் நீ காத்துக் கெடந்த. அவளுக்கு அதுவும் இல்லயே."

ஒரு சாயங்காலம் தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வண்டி வருவதற்கு முன்னால், அவரே சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. ரெஜினா கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உடம்பு நல்லா இருக்காவளாமா அண்ணாச்சி?"

"நல்லா இருக்கானாம்" என்றார்.

மறுநாள் காலையில் திருச்செந்தூரில் ஏறியவள் நாலாவது வரிசையைத் தாண்டி இடது பக்கம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி முழுக்கப் பார்த்தது. அதுவும் ஒரு சேதி சொல்கிற முறைதான், எங்களிடம் வேறு முறை கிடையாது. ஆறுமுகநேரியில் ஏறிய கிரேஸ் டீச்சர் அவளைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார். நின்றுகொண்டு வருகிறவர்கள் உட்கார்ந்திருப்பவர் மடியில் பையைக் கொடுப்பது வழக்கம் என்றாலும், டீச்சர் தன் பையை யாரிடமும் தந்து நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்குப் பையையும் குடையையும் ரெஜினா மடியில் வைத்தார். "பிடி ரெஜினா" என்றார். ஆத்தூர் வரைக்கும் அவள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டே நின்றார்.

சாயங்கால வண்டி

அந்த மணப்பாட்டு வண்டி இப்போது எங்கள் ஊர் வழியாக வருவதில்லை. பெருமழையில் ரோடு உடைந்தபோது நிறுத்தினார்கள், ரோட்டைச் சரிசெய்த பிறகு வண்டியை மறந்துவிட்டார்கள். காலையில் என் வீட்டுக்காரர் பைக்கில் திருச்செந்தூரில் விடுகிறார். அங்கிருந்து நானும் மற்றப் பெண்களைப் போலத் தத்தித் தத்தித்தான் போகிறேன். ஒரு பஸ்ஸில் பார்த்த முகம் அடுத்த பஸ்ஸில் இல்லை. கடலில் ஆள் இருக்கிற பெண் யார், கரையில் ஆள் இருக்கிறவள் யார் என்று யாருக்கும் தெரியாது. வலது பக்க ஜன்னலில் எவனோ ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சாயங்காலம் மட்டும் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நேர் வண்டி கிடைக்கிறது. அதில் ரெஜினா வருவாள். எனக்கு முன்னால் ஏறி, பக்கத்துச் சீட்டில் கைப்பையை வைத்து எனக்கு இடம் போட்டிருப்பாள். ஜன்னலோரம் அவள். பெண்கள் பக்கத்துச் சாதாரண ஜன்னல், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. முள்ளக்காடு வருகிறபோது அவள் பேச்சு நின்றுவிடும். நானும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துகொள்வேன்.

போன மாதம் ஒரு நாள், நான் ஏறியதும் அவள் நகர்ந்துகொண்டாள். "நீங்க ஜன்னல்ல இருங்கக்கா இன்னைக்கு."

"எனக்கு எதுக்குளா? ஆள் வீட்ல இருக்காவ."

"சாயங்காலத்துக்கு ஏது சட்டம்? சும்மா இருங்க" என்றாள்.

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்தக் காற்று முகத்தில் அடித்தது. வெயில் தணிந்திருந்தது. உப்புக் குவியல்கள் லேசாகச் சிவந்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் கோடு தெரிந்தது, கோட்டின் மேல் ஒற்றைக் கப்பல். அவளும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எனக்கு அவரைத் தேடியது. வீட்டில் இருக்கிற அவரைத்தானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போது போன் அடித்தது. அவர்தான்.

"எங்கனளா வார?"

வாயில் அதுதான் வந்தது. "கடல் பக்கத்துலதான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. பிறகு, "சீக்கிரம் வாளா" என்றார்.

போனை மடியில் வைத்தேன். ரெஜினா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா சொல்லுதாவ?"

"சீக்கிரம் வரச் சொல்லுதாவ."

"சேதி வந்துட்டுல்லா" என்று சிரித்தாள். "அப்ப இந்தப் பக்கம் மாறுங்க."

நான் எழுந்து இடம் விட்டேன். அவள் ஜன்னலோரம் நகர்ந்து, கம்பியில் கையை வைத்து, வெளியே திரும்பிக்கொண்டாள். கடல் அதற்குள் போய்விட்டிருந்தது. இருட்டத் தொடங்கிய உப்பளம்தான் இருந்தது. பழையகாயல் வருகிற வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.